௰௨ வேறு, ௨௰ வேறு

சுவர்க்கடிகாரத்தில் ரோமானிய இலக்கங்கள் பொறித்திருந்தாலும் நம் பள்ளிப் பிள்ளைகள் தயங்காமல் மணி சொல்வார்கள். ஒன்றுக்கு ‘ஐ’, ஐந்துக்கு ‘வி’, பத்துக்கு ‘எக்ஸ்’, ஐம்பதுக்கு ‘எல்’, நூற்றுக்கு ‘சி’ என்று சிறு வகுப்பிலேயே கற்றுவிடுகிறார்கள். எந்த வகுப்பு என்று குறிப்பதற்கும் அவ்விலக்கங்களையே எழுதுகிறார்கள். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில் வழங்கிய ஒரு முறையை நம் ஊர்ப் பிள்ளை படிக்கிறது என்றால் அது மகிழத்தக்கதே.

அதே பிள்ளையிடம் ௰௨ என்று எழுதிக் காட்டுங்கள். என்ன சொல்லும்?

இயற்பியல் பட்ட வகுப்பில் ஒருநாள் இதைக் கரும்பலகையில் எழுதினேன். ‘நூற்றிரண்டு’ என்றார் ஒரு மாணவர். ‘ய, உ’ என்று எழுத்தாகவே படித்தார் மற்றொருவர். ‘பன்னிரண்டு’ என்று சரியாகச் சொன்னவர் ஒரே ஒருவர்தாம். அவருடைய தாத்தா கணக்குப்பிள்ளையாக இருந்தவராம். அடுத்து ௨௰ என்று எழுதினேன். நூற்றிரண்டு என்று சொன்ன மாணவர், ‘இதுவும் அதேதானே, ஐயா?’ என்றார். அதுவன்று. முதலாவது பன்னிரண்டு, இரண்டாவது இருபது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் தமிழ் இலக்கங்களைப் படிக்கும் வித்தையில் பாதிக்கு மேல் கைவந்துவிடும். இக்கட்டுரையில் அதைத்தான் கற்கப்போகிறோம். கற்பதற்குத் தாளும் பென்சிலும் போதும்.

அடி அண்ணாமலையில் ஒரு பாடம்

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றி வரும் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். அப்பாதையில் மலையின் மேற்குப் புறத்தில் அடி அண்ணாமலை என்னும் சிற்றூர் இருக்கிறது. மாணிக்கவாசகர் திருவெம்பாவையை இவ்வூரில் பாடினார் என்பது மரபு. அந்நூலில் 20 பாடல்கள் உள்ளன. பழைய பதிப்புகளில் பாடல்களுக்குத் தமிழ் இலக்கத்திலேயே எண் கொடுத்திருப்பார்கள். தமிழ் இலக்கம் கற்க இதைவிட நல்ல அரிச்சுவடி எனக்குத் தெரியவில்லை. ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணி முடிப்பதற்குள் தேவையான விதிகள் எல்லாம் வந்துவிடுகின்றன.

முதல் ஒன்பது பாடல்களின் எண்கள்: ௧, ௨, ௩, ௪, ௫, ௬, ௭, ௮, ௯. இவற்றுள் பலவும் நாம் அறிந்த எழுத்துகளைப் போலவே இருக்கின்றன. ௧ ககரம் போலவும், ௨ உகரம் போலவும், ௪ சகரம் போலவும், ௫ ‘ரு’ போலவும், ௭ எகரம் போலவும், ௮ அகரம் போலவும் தோன்றும். ஆகவே எழுத்துகளையே நம் முன்னோர் எண்ணாகப் பயன்படுத்தினர் என்று பலர் நினைக்கிறார்கள். கல்வெட்டியல் அறிஞர்கள் கூறுவது வேறு. இவை பழைய பிராமி எண்குறிகளிலிருந்து வளர்ந்தவை. பிராமியில் ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவை முறையே ஒன்று, இரண்டு, மூன்று படுக்கைக் கோடுகள். பல நூற்றாண்டுகள் ஓலையில் எழுதி எழுதி அக்கோடுகள் வளைந்து, பக்கத்தில் எழுதப்படும் எழுத்துகளின் சாயலைப் பெற்றுவிட்டன. நினைவில் வைத்துக்கொள்ள அந்தச் சாயல் உதவுகிறது. அந்த அளவில் அதைப் பயன்படுத்திக்கொள்வோம்.

பத்தாவது பாடலுக்கு வருவோம். இங்கே ஒன்றும் சுழியும் கிடையாது. பத்துக்கென்றே தனிக் குறி ௰. பதினொன்று ௰௧, பன்னிரண்டு ௰௨, பத்தொன்பது ௰௯. பத்தை எழுதி, அதற்குப் பின் மிச்சத்தை எழுதுகிறோம். பின்னால் வருவதைக் கூட்டு என்பது முதல் விதி.

இருபதாவது பாடலின் எண் ௨௰. இங்கே இரண்டு முன்னால் வந்துவிட்டது. இரண்டு பத்து என்று பொருள். முன்னால் வருவதைப் பெருக்கு என்பது இரண்டாவது விதி. விதிகள் இவ்வளவே. இவற்றோடு நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்னும் இரு குறிகளையும் சேர்த்துக்கொண்டால், எந்த எண்ணையும் எழுதிவிடலாம். முந்நூற்று நாற்பத்தைந்து ௩௱௪௰௫. நூறாயிரம் ௱௲.

ரோமானிய முறை அறிந்தவர்களுக்கு இது ஏதோ கேட்டதுபோல் இருக்கும். அங்கும் சிறிய குறி பெரிய குறிக்குப் பின்னால் வந்தால் கூட்டல்தான். ‘எக்ஸ்’ எழுதிப் பின்னால் ‘ஐ’ எழுதினால் பதினொன்று. முன்னால் வந்தால் கழித்தல். ‘ஐ’ எழுதிப் பின்னால் ‘எக்ஸ்’ எழுதினால் ஒன்பது. முன்னா, பின்னா என்பதை வைத்துப் பொருள் மாறும் உத்தி இரு முறைகளுக்கும் பொது. ரோமானியர் முன்னால் வருவதைக் கழித்தார்கள், தமிழர் பெருக்கினார்கள். விளைவில் பெரிய வேறுபாடு உண்டாகிறது. 1888 என்பதை ரோமானிய முறையில் எழுத 13 குறிகள் வேண்டும். தமிழில் ௲௮௱௮௰௮ என்று ஆறு குறிகளில் முடிந்துவிடுகிறது. (நம் ‘ஐ’ என்றால் ஐந்து, அவர்கள் ‘ஐ’ என்றால் ஒன்று. இரண்டையும் ஒரே நாளில் கற்கும் பிள்ளையின் பாடு கொஞ்சம் திண்டாட்டம்தான்.)

பிரிட்டிஷார் காலத்து மைல்கற்கள் சிலவற்றில் ரோமானிய இலக்கமும் தமிழ் இலக்கமும் ஒரே கல்லில் பொறிக்கப்பட்டிருக்கும். துரைமாருக்கு ஒன்று, வண்டியோட்டிக்கு ஒன்று. இன்று அக்கல்லின் முன் நிற்கும் நம் பிள்ளை, துரைமாருக்காகப் பொறித்ததைப் படித்துத் தொலைவைத் தெரிந்துகொள்கிறது!

வாய் சொல்வதைக் கை எழுதுகிறது

தமிழ் இலக்கத்தைப் படிக்க ஓர் எளிய வழி உண்டு. உரக்கச் சொல்லுங்கள். ௩௱௪௰௫ என்பதைக் குறி குறியாகச் சொன்னால் ‘மூன்று நூறு, நான்கு பத்து, ஐந்து’. கொஞ்சம் வேகமாகச் சொன்னால் ‘முந்நூற்று நாற்பத்தைந்து’. வாய் எந்த வரிசையில் சொல்கிறதோ அதே வரிசையில் கை எழுதுகிறது. பேச்சில் இல்லாதது எழுத்திலும் இல்லை.

ஒரு மெய்யான கணக்கை எடுத்துக்கொள்வோம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சியில் வைக்க முதலாம் இராசராசன் தன் 25-ஆவது ஆட்சியாண்டின் 275-ஆவது நாளில் செப்புக்குடம் ஒன்றைக் கொடுத்தான். குடத்தின் நிறை 3083 பலம். அதன்மேல் போர்த்த கொடுத்த பொன் 2926½ கழஞ்சு. அக்கோயில் கல்வெட்டே இதைக் கூறுகிறது. இந்த 3083-ஐத் தமிழ் இலக்கத்தில் எழுதுங்கள். ‘மூவாயிரத்து எண்பத்து மூன்று’ என்று வாய் சொல்லும். கை ௩௲௮௰௩ என்று எழுதும். நூறு என்ற பேச்சே வரவில்லை, ஆகவே ௱ என்ற குறியும் வரவில்லை. நாம் இன்று அந்த இடத்தில் ஒரு சுழியை வைத்துக் காலியிடத்தைக் காக்கிறோம். பழந்தமிழ் முறையில் காலியிடமே கிடையாது. ஆகவே அதைக் காக்க ஆளும் வேண்டியதில்லை.

2926-ஐயும் எழுதிப் பாருங்கள்: ௨௲௯௱௨௰௬. இப்போது அதை வாயால் சொல்லுங்கள். ‘இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு’. ஓரிடத்தில் இடறுகிறதல்லவா? கை எழுதியது ‘ஒன்பது நூறு’. வாய் சொன்னதோ ‘தொள்ளாயிரம்’. ஒன்பது நூற்றில் ஆயிரம் எங்கிருந்து வந்தது?

தமிழ் எண்ணுப்பெயர்களில் மிகச் சுவையான இடம் இது. இருபது, முப்பது, நாற்பது என்று எண்பது வரை எல்லாம் ‘பது’ என்று பத்தில் முடிகின்றன. அடுத்து வரும் ஒன்பது பத்துக்கு மட்டும் பெயர் தொண்ணூறு. நூறு வருமுன்னே நூற்றின் பெயர் வந்துவிடுகிறது. அதேபோல் இருநூறு முதல் எண்ணூறு வரை ஒழுங்காகச் சென்று, ஒன்பது நூற்றில் தொள்ளாயிரம் என்று ஆயிரத்தின் பெயரை எடுத்துக்கொள்கிறது. ஒன்பது என்ற சொல்லிலும் பார்த்தால் பத்தைக் குறிக்கும் ‘பது’ இருக்கிறது. தொல்காப்பியமும் நன்னூலும் இச்சொற்களுக்குத் தனி விதி வகுத்திருக்கின்றன.

ரோமானிய இலக்கத்தில் 9, 90, 900 ஆகிய மூன்றையும் எழுதிப் பாருங்கள். ஒன்பதுக்குப் பத்தின் குறியாகிய ‘எக்ஸ்’ வருகிறது. தொண்ணூற்றுக்கு நூற்றின் குறியாகிய ‘சி’ வருகிறது. தொள்ளாயிரத்துக்கு ஆயிரத்தின் குறியாகிய ‘எம்’ வருகிறது. அடுத்த படியை எட்டிப் பிடித்து, அதிலிருந்து ஒன்று குறை என்று காட்டும் முறை அது. ரோமானியர் கை எழுத்தில் செய்ததைத் தமிழர் நாக்கு பேச்சில் செய்கிறது! ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றார்கள் என்று இதற்குப் பொருளன்று. பத்து நெருங்கும்போது பத்தை வைத்தே பேசுவது மனித மனத்துக்கு இயல்பாக இருக்கிறது. ‘ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு’ என்று சொல்கிறோம் அல்லவா, அதுபோல. ஆனால் தமிழ்க் கணக்கன் எழுத உட்கார்ந்தால் இந்தச் சுற்றுவழியைப் பின்பற்றவில்லை. நேராக ௯௰, ௯௱ என்றே எழுதினான். வாயும் கையும் பிரியும் ஒரே இடம் இதுதான்.

தொண்ணூற்றாறு என்ற எண்ணைச் சோழர் காலக் கல்வெட்டுகளில் மிகுதியாகக் காணலாம். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிக்க வேண்டுமானால் அதற்கு நெய் தர 96 ஆடுகள் விடுவது வழக்கம். ‘சாவா மூவாப் பேராடு’ என்று அவற்றுக்குப் பெயர். ஆடு சாகும், கிழடும் ஆகும்; குட்டிகள் அவ்விடத்தை நிரப்புவதால் மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறைவதில்லை. இலக்கத்தில் இது ௯௰௬. மாற்றிப் படித்து ௬௰௯ என்று எண்ணிவிட்டால் விளக்குக்கு 27 ஆடு குறைந்துவிடும்.

கல்லில் படிக்கும்போது

தாளில் படிப்பது எளிது. கல் வேறு. கல்வெட்டில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் கிடையாது. எழுத்துகளின் நடுவே எண் ஒளிந்துகொண்டு நிற்கும். சோழர் முதல் விசயநகர வேந்தர் வரை பல மரபினர் திருவண்ணாமலைக் கோயிலில் கல்வெட்டுகளை விட்டுச் சென்றிருக்கிறார்கள். பி. ஆர். சீனிவாசன் தொகுத்த இவற்றைப் புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1990-இல் நூலாக வெளியிட்டது. எண்ணைச் சில இடங்களில் சொல்லாலும் சில இடங்களில் இலக்கத்தாலும் குறிப்பது கல்வெட்டு வழக்கம்.

எண் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க, அதற்கு அடுத்த சொல்லைப் பாருங்கள். ‘ஆவது’ என்று வந்தால் முன்னால் இருப்பது பெரும்பாலும் ஆட்சியாண்டு. ‘யாண்டு ௰௨ ஆவது’ என்பது போன்ற தொடர் அடிக்கடி வரும். கழஞ்சு, பலம், கலம், குழி, மா, வேலி ஆகிய அளவுச் சொற்களும் அவ்வாறே எண்ணைக் காட்டிக்கொடுக்கும். மாறாக, ஏட்டின் தலைப்பில் தனியாக நிற்கும் ௨ இரண்டன்று. அது பிள்ளையார் சுழி!

அடுத்து வாலைக் கவனியுங்கள். ௧ என்பதற்கு ஒரு சுழித்த வால் சேர்ந்தால் ௯ ஆகிறது. ௪ என்பதற்கு வால் சேர்ந்தால் ௬. அவ்வால் இன்னும் நீண்டு சுழித்தால் ௲. மழையும் எண்ணெயும் சுண்ணாம்பும் பட்ட கல்லில் முதலில் மறைவது வால்தான். வால் மறைந்தால் ஒன்பது ஒன்றாகிவிடும், ஆறு நான்காகிவிடும்.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். முதலாம் இராசராசன் பட்டத்துக்கு வந்த ஆண்டு 985. அவனுடைய ‘௰௨ ஆவது’ யாண்டு 996-ஐ ஒட்டி வரும். ‘௨௰ ஆவது’ யாண்டோ 1004-ஐ ஒட்டி வரும். இரு குறிகள் இடம் மாறினால் எட்டு ஆண்டு வேறுபாடு. போர்கள் எப்போது நடந்தன, எந்த நாடு எப்போது கைப்பற்றப்பட்டது என்பதையெல்லாம் அரசனின் மெய்க்கீர்த்தியையும் யாண்டையும் சேர்த்து வைத்தே வரலாற்றாசிரியர்கள் கணிக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் அளவுகோலின் ஒரு பிரிவைத் தவறாகப் படித்தால் மறுபடி அளந்து பார்க்கலாம். கல்லில் பொறித்தது போனால் மறுசோதனைக்கு வழியில்லை. தமிழகக் கோயில்கள் பலவற்றில் சுவரைத் துப்புரவு செய்கிறோம் என்று மணலைப் பீய்ச்சி அடித்து எழுத்துகளைத் தேய்த்திருக்கிறார்கள். ஒரு ௯-ஐ ௧ ஆக்க அந்த மணல் போதும்.

முந்திரிக்குள் ஒரு நுட்பம்

முழு எண்கள் இவ்வளவே. தமிழ்க் கணக்கின் உண்மையான வளம் பின்னங்களில் இருக்கிறது. அரை, கால், அரைக்கால் (1/8) என்று பாதி பாதியாக இறங்கும் வரிசை ஒன்று. மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) என்று இறங்கும் வரிசை மற்றொன்று. ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி இருந்தது. இரு வரிசைகளும் சந்திக்கும் இடம் 1/16. அதற்கு மாகாணி என்று பெயர். ஏன் அப்பெயர்? மாவையும் காணியையும் கூட்டுங்கள். 1/20 என்பது 4/80, அதனோடு 1/80 சேர்ந்தால் 5/80, சுருக்கினால் 1/16. மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. பெயரே கூட்டல் கணக்காக இருக்கிறது.

கடைசி அளவாக 320-ஐ ஏன் பிடித்தார்கள்? 320-ஐப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் ஆறு இரண்டுகளும் ஓர் ஐந்தும் வரும். ஆகவே 1/2, 1/4, 1/8, 1/16 ஆகியவையும், 1/5, 1/10, 1/20 ஆகியவையும் மிச்சமில்லாமல் முழு முந்திரிகளாக அமைந்துவிடுகின்றன. கால் என்பது 80 முந்திரி, மாகாணி 20 முந்திரி, மா 16 முந்திரி. பாதியாகப் பிரிக்கும் வணிகனுக்கும், பத்தாகவும் இருபதாகவும் பிரிக்கும் வரிக்கணக்கனுக்கும் ஒரே பொது அளவு. மூன்றில் ஒரு பங்கு மட்டும் இதில் அடங்காது. ரோமானியர் ஒன்றைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்கின் பெயர் ‘உன்கியா’. இன்றைய அவுன்சும் இஞ்சும் அச்சொல்லிலிருந்து வந்தவை. அவர்களுக்கு மூன்றில் ஒன்று சரியாக வரும், ஐந்தில் ஒன்று வராது. நமக்கு ஐந்தில் ஒன்று வரும், மூன்றில் ஒன்று வராது. எதைப் பெறுவது, எதை இழப்பது என்று ஒவ்வொரு நாட்டாரும் தம் சந்தையைப் பார்த்து முடிவு செய்திருக்கிறார்கள்.

முந்திரிக்கும் கீழே போக வேண்டுமானால் ‘கீழ்’ என்று ஒரு சொல்லை முன்னால் வைத்தார்கள். ஒன்றை 320 பங்காக்கி, அப்பங்கினுள்ளும் அதே பெயர்களை மீண்டும் வழங்குவது இம்முறை. கீழ்முந்திரி என்றால் முந்திரியில் முந்திரி, அதாவது 1/1,02,400. இன்று நாம் மீட்டருக்கு முன் மில்லி, மைக்ரோ என்று வைத்துப் படி இறங்குகிறோம் அல்லவா? அங்கே ஒரு படி ஆயிரம், இங்கே ஒரு படி 320.

தஞ்சைக் கல்வெட்டுகளைப் பதிப்பித்த ஹுல்ட்ஷ், அவற்றில் நிலம் ஒரு வேலியின் 5,242 கோடியே 88 இலட்சத்தில் ஒரு பங்கு வரை கணக்கிடப்பட்டிருப்பதை எடுத்துக் காட்டினார். அந்த எண் வெறும் வாய்க்கு வந்த எண்ணன்று. 320-ஐ நான்கு முறை பெருக்கி, வந்ததை ஐந்தால் பெருக்குங்கள். சரியாக அதே எண் வரும். ‘கீழ்’ என்ற படியில் மேலும் மேலும் இறங்கியதன் தடம் அது.

பலரும் இதைச் சொல்லி, ‘அக்காலத்தில் அவ்வளவு நுட்பமாக நிலத்தை அளந்தார்கள்’ என்று வியப்பார்கள். இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் இங்கே நான் கொஞ்சம் தடை சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு வேலியைப் பிற்கால வழக்கப்படி ஏறத்தாழ 6.6 ஏக்கர் என்று கொண்டால், அந்தப் பங்கு அரை சதுர மில்லிமீட்டர் அளவே வரும். குண்டூசித் தலையைவிடச் சிறிது. எந்தக் கோலாலும் கயிற்றாலும் வயலில் அதை அளக்க முடியாது. அளந்தது குழியும் மாவும்தான். அவற்றை வேலிக் கணக்குக்கு மாற்றும்போது வந்த மிச்சத்தைத் தள்ளாமல் கடைசிவரை எழுதியிருக்கிறார்கள். இன்று மாணவர்கள் கணிப்பானில் வரும் பத்து இலக்கங்களையும் அப்படியே விடைத்தாளில் எழுதிவிடுவதைப் போல. ஆகவே வியக்க வேண்டியது அளவின் நுட்பத்தை அன்று, கணக்கின் நுட்பத்தை. அவ்வளவு நீண்ட பின்னத்தைச் சுழியும் தசமப் புள்ளியும் இல்லாமல் கூட்டிக் கழித்து, பிழையின்றிக் கல்லில் ஏற்றிய கணக்கன் யார் என்று நமக்குத் தெரியாது. மதிப்பெண் போட்டால் அவனுக்கு முழு மதிப்பெண் போடுவேன்.

எப்படிக் கணக்கிட்டார்கள்?

௩௱௪௰௫ என்பதை ௨௰௭ ஆல் பெருக்கு என்றால் நாம் விழிப்போம். ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பெருக்கும் முறை இதில் நடக்காது. ரோமானியர் மணிச்சட்டத்தை நம்பினார்கள். தமிழர் மனப்பாடத்தை நம்பினார்கள். திண்ணைப் பள்ளியில் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்று படிப்படியாக வாய்ப்பாடுகளை ஓதவைத்தார்கள். அவற்றில் பின்ன வாய்ப்பாடும் உண்டு. முக்காலை முக்காலால் பெருக்கினால் அரையும் மாகாணியும் என்று பையன் உடனே சொல்ல வேண்டும். (1/2-உம் 1/16-உம் சேர்ந்தால் 9/16. சரிதானே?) காரிநாயனாரின் கணக்கதிகாரம் போன்ற நூல்கள் அதற்கு மேற்படிப்பு. இலக்கம் விடையைப் பதிந்து வைக்கத்தான். கணக்கு நடந்தது தலைக்குள்ளே.

குவாலியரில் உள்ள 876-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் சுழியோடு 270 என்ற எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. அப்படியிருக்க, தமிழ்க் கணக்கர் மட்டும் ஏன் இடமதிப்புக்கு மாறவில்லை என்று கேட்கத் தோன்றும். பதிவு செய்வதற்குப் பழைய முறை போதுமானதாக இருந்தது என்பதே என் கருத்து. ஐரோப்பியரும் அவ்வளவு விரைவாக மாறிவிடவில்லை. பிபனாச்சி 1202-இல் நூல் எழுதி இந்திய எண்களை விளக்கியும், 1299-இல் பிளாரன்ஸ் நகரத்து நாணய மாற்றுவோர் சங்கம் கணக்கேட்டில் அவற்றை எழுதக்கூடாது என்று தடை போட்டது. தமிழில் சுழியைப் புகுத்தி இடமதிப்பாக எழுதும் முறை, 1825-இல் வெளிவந்த கணித தீபிகை போன்ற பாடநூல்களின் வழியே பரவியது. அப்புதிய முறையில் பன்னிரண்டு ௧௨, இருபது ௨௦. ஆகவே பழைய பத்திரமோ ஏடோ கையில் கிடைத்தால் முதலில் ௰, ௱, ௲ ஆகியவை வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால் பழைய முறை. வராமல் சுழி வந்தால் புதிய முறை.

பிறகு பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் 1, 2, 3 வந்தன. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 343-ஆவது பிரிவு, ஒன்றிய அரசின் பணிகளுக்கு ‘இந்திய எண்களின் பன்னாட்டு வடிவம்’ என்று அவற்றையே குறித்தது. பழைய இலக்கத்தில் பழகிய கைகள் ஊர்க்கணக்கில் இன்னும் கொஞ்ச காலம் இருந்தன. 1980-இல் தமிழக அரசு பரம்பரைக் கர்ணம் முதலிய பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. அச்சீர்திருத்தம் தேவையானதுதான். அதனோடு பெட்டியில் கிடந்த ஓலைகளைப் படிக்கத் தெரிந்தவர்களும் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள்.

முற்றாக மறையவில்லை. திருமண அழைப்பிதழைப் பாருங்கள். ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳, மேற்படி என்பதற்கு ௸ என்னும் குறிகளை இன்றும் சில அச்சகங்களில் கோக்கிறார்கள். மொரீசியஸ் நாட்டு ரூபாய்த் தாள்களில் தமிழ் இலக்கம் இன்றும் உண்டு. 1998-இல் வெளியான புதிய தாள்களில் இந்திக்குப் பின்னே தமிழ் தள்ளப்பட்டதென்று அங்குள்ள தமிழர் எதிர்ப்புத் தெரிவிக்க, அத்தாள்களை அரசு திரும்பப் பெற்று, பழைய வரிசையில் மீண்டும் அச்சிட்டது. கணிப்பொறி எழுத்துகளுக்கான யூனிகோடு தரத்தில் தமிழ்ச் சுழிக்கு 2005-இல் இடம் கிடைத்தது. முந்திரியும் காணியும் மாவும் 2019-இல்தான் உள்ளே நுழைந்தன. கல்லிலிருந்து கணிப்பொறிக்கு வர முந்திரிக்கு ஆயிரம் ஆண்டு பிடித்திருக்கிறது.

இனி உங்கள் முறை. கீழுள்ள ஐந்தையும் முதலில் உரக்கச் சொல்லுங்கள், பிறகு இன்றைய எண்ணில் எழுதுங்கள்.

௪௰௭
௱௮
௮௱
௭௲௯௰
௲௪௱௩௰௮

விடைகள்: 47, 108, 800, 7090, 1438. இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றென்று எண்ணியவர்கள் திருவெம்பாவையின் பன்னிரண்டாவது, இருபதாவது பாடல்களின் எண்களை மறுபடி எழுதிப் பார்க்கவும். நான்காவதில் ‘ஏழாயிரத்துத் தொண்ணூறு’ என்று வாய் சொன்னபோது கை ௱ எழுதத் துடித்திருந்தால் வியப்பில்லை. ஐந்தாவது ஒரு சக ஆண்டு. அதனோடு 78-ஐக் கூட்டினால் 1516 வரும். திருவண்ணாமலைக் கோயிலில் ஆயிரங்கால் மண்டபத்தையும் 11 நிலைக் கோபுரத்தையும் பற்றிக் கூறும் கிருட்டிணதேவராயர் கல்வெட்டின் ஆண்டு அதுதான்.